கொடிமேடையும் என் குதிகாலும்

"ரெஸ்ட் எடு" என்று எனக்குச் சொன்னவர்களில் ஒருவராவது ரெஸ்ட் எடுத்து நான் பார்த்ததில்லை. என் அம்மா சொன்னாள். அவள் காய்ச்சலோடு மாவாட்டுகிறவள். டாக்டர் சொன்னார், அவர் வீட்டு வாசலில் சாப்பாட்டு நேரத்திலும் கூட்டம் நிற்கும். எங்கள் தலைமையாசிரியை சொன்னார்; அவர் ஞாயிற்றுக்கிழமையும் பள்ளிக்கூடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இவர்களுக்கெல்லாம் உடம்பு நோகாதா என்றால் நோகும்தான். ஆனால் அவர்கள் செய்வது வேலை, நான் செய்வது குதியாட்டம். அதனால்தான் அவ்வளவு சுலபமாக நிறுத்தச் சொன்னார்கள். இதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு வயிறு எரிகிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் நான் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் டிரில் டீச்சராக இருந்தேன். மெட்ராஸில் பயிற்சி முடித்து, ஒரு விசிலும் ஒரு ஜோடி வெள்ளைக் கான்வாஸ் ஷூவுமாக ஊர் திரும்பியவள். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவும் நானும் பேகம்பூர் பக்கம் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். காற்று திரும்பினால் தோல் பதனிடுகிற ஷாப்புகளின் வாடை அடுப்படி வரை வரும். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஓடத் தெரியும். வேறொன்றும் உருப்படியாகத் தெரியாது. கோலம் போட்டால் கோணும், பாடினால் பக்கத்து வீட்டில் கதவைச் சாத்துவார்கள். ஓட்டத்துக்கும் சம்பளம் கொடுப்பார்கள் என்று தெரிந்த அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வேலையை யாராவது என்னிடமிருந்து பிடுங்கினால் சும்மா விடமாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். அது இந்தக் கதையில் எனக்கு உதவியதா உபத்திரவம் செய்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் பள்ளி மைதானம் செம்மண் தரை. ஓரமாக வேப்பமரங்கள், அவற்றுக்குப் பின்னால் மலைக்கோட்டைப் பாறை. நடுவில் இடுப்பு உயரத்துக்குச் சிமெண்டில் ஒரு மேடை. அதன் பின் ஓரத்தில் கொடிக்கம்பம், முன்பக்கம் ஒரு ஆள் கைகாலை வீசிக் குதிக்கத் தாராளமான இடம். டிரில் பீரியடில் இரண்டு மூன்று வகுப்புகளை ஒன்றாகத்தான் விடுவார்கள். கடைசி வரிசைப் பிள்ளைக்கும் என் கால் தெரிய வேண்டும். அதனால் நான் கொடிமேடையில் ஏறி நின்று குதிப்பேன், பிள்ளைகள் கீழே மண்ணில் நின்று அதைப் பார்த்துக் குதிப்பார்கள். ஒரு கும்பல் போனதும் அடுத்த கும்பல் வரும். பிள்ளைகள் மாறிக்கொண்டே இருப்பார்கள், மேடையில் நான் ஒருத்திதான்.

அந்த மேடையில் செருப்பு, ஷூ எதுவும் ஏறக் கூடாது. அது தலைமையாசிரியை போட்ட சட்டம். பிள்ளைகள் அவரைப் பெரிய டீச்சர் என்பார்கள், நாங்களும் அப்படியே. எப்போதும் கதர்ப் புடவைதான். சின்னப் பெண்ணாக இருந்த காலத்தில் சுதந்திரப் போராட்ட ஊர்வலத்தில் கொடி பிடித்துப் போனவர். போலீஸ்காரர்கள் கீழே தள்ளி, கொடி பிடித்த கையைப் பூட்ஸ் காலால் மிதித்தார்களாம். அவருடைய வலது மணிக்கட்டு கடைசி வரை கோணலாகத்தான் இருந்தது. ஒவ்வொரு வருடமும் சுதந்திர தினத்துக்கு முன்னால் அந்தக் கையைத் தூக்கிக் காட்டிப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்வார். நானும் கண் கலங்கியிருக்கிறேன், பொய் சொல்லக் கூடாது.

அதனால் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என் கான்வாஸ் ஷூவை மேடைப்படியில் கழற்றி வைத்தேன். கொடி நிற்கிற இடத்தில் செருப்புக் காலோடு ஏறக் கூடாது என்றால் நம் ஊரில் யாருக்குத்தான் அது தவறாகப் படும்? எனக்கும் படவில்லை. பெரிய டீச்சரும் வெறுங்காலோடுதான் ஏறுவார். அவர் ஏறுவது பிரார்த்தனை நேரத்தில், செத்த நேரம் நின்று பேசிவிட்டு இறங்கிவிடுவார். நான் அதே சிமெண்டில் நாள் முழுக்கக் குதித்தேன்.

வலி தீபாவளிக்கு முன்னால் தொடங்கியது. காலையில் பாயை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது வலது குதிகாலில் ஆணி ஏறுவது மாதிரி இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைத்தால் விட்டுவிடும். பிறகு டிரில் முடிந்து உட்கார்ந்து எழும்போதெல்லாம் வந்தது. அதற்குப் பிறகு குதிக்கும்போதே வந்தது. கார்த்திகையில் நான் பள்ளிக்கூடத்துக்கு நொண்டிக்கொண்டு போனேன். டிரில் டீச்சர் நொண்டினால் ஊருக்கு எவ்வளவு சந்தோஷம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கணக்கு டீச்சர் வாயு என்றார். எதிர்வீட்டு அம்மாள் கண்ணேறு என்றார். தமிழ் டீச்சர் என்னைத் தனியாக அழைத்துப் போய், "இப்படிக் குதிச்சா கர்ப்பப்பை எறங்கிரும்டி, அப்புறம் அழுது பிரயோசனமில்ல" என்றார். வலிப்பது குதிகால். பேச்செல்லாம் என் கர்ப்பப்பையைச் சுற்றியே நடந்தது.

அம்மா மட்டும் காரணம் தேடவில்லை. அடுப்பில் செங்கலைச் சுட்டு, அதன் மேல் எருக்கிலையைப் பரப்பி, என் காலைப் பிடித்து அழுத்தினாள். இலை வதங்கிச் சூடு இறங்கும்போது சுகமாக இருக்கும். அன்றைக்குத் தூக்கம் வரும். காலையில் மறுபடியும் ஆணி. ஒருநாள் செங்கல் அதிகமாகக் காய்ந்து குதிகால் தோல் கொப்பளித்துவிட்டது. நான் கத்தின கத்தலில் அம்மா அழுதாள். அழுதுகொண்டே, "விட்டுத் தொலையேண்டி அந்த வேலைய" என்றாள். செங்கலை விட அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

பிறகு டாக்டரிடம் போனோம். ஊரில் பேர்போன டாக்டர்தான்.

"என்ன வேலை பாக்குற?"

"டிரில் டீச்சர்."

"வயசு?"

சொன்னேன்.

"கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்ல."

அதோடு அவருக்கு வியாதி பிடிபட்டுவிட்டது. காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவின் பக்கம் திரும்பிக்கொண்டார். "பொம்பளப் பிள்ள ஒடம்பு இதுக்கெல்லாம் தாங்காதும்மா. நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. நடக்கிறதயும் கொறச்சுக்கணும். காலாகாலத்துல ஒரு கல்யாணத்தப் பண்ணி வைங்க, எல்லாம் சரியாப் போயிரும்."

கல்யாணத்தில் எந்த இடத்தில் குதிகால் சரியாகும் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். வீடு வருகிற வரைக்கும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். வண்டி வைக்க வேண்டாம், நடந்தே வருகிறேன் என்று அடம்பிடித்து நடந்தே வந்தேன். அதற்கும் சேர்த்து வலித்தது.

ஆனாலும் ரெஸ்ட் எடுத்தேன். அரைப்பரீட்சை லீவு முழுக்கப் பாயில் கிடந்தேன். அம்மா சோறும் வெஞ்சனமும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். வலி போய்விட்டது. கூடவே என் உடம்பும் போய்விட்டது. வாசல்படி ஏறினால் மூச்சு வாங்கியது. அம்மா எது சொன்னாலும் எரிந்து விழுந்தேன். ஜனவரியில் பள்ளி திறந்ததும் மேடையில் ஏறிக் குதித்தேன். பொங்கலுக்குள் ஆணி திரும்ப வந்துவிட்டது, முன்னைவிட ஆழமாக.

பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் குரலில் கோபமே இல்லை. "ஏம்மா, தையல் டீச்சர் இந்த வருசத்தோட ரிட்டயர் ஆகுறாங்க. ஒக்காந்த வேலை. நீ அதுக்கு மாறிக்க. ஜூன் மாசம் தெறக்கிறதுக்குள்ள ஒன் கால் நல்லாச்சுன்னா பாப்போம். இல்லைன்னா டிரிலுக்கு வேற ஆளு போட்டுருவேன். நீ இன்னும் நிரந்தரம் ஆகல, ஞாபகம் வச்சுக்க."

என் நல்லதுக்குத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன். நல்லதுக்குச் சொல்கிறவரிடம் என்ன பேசுவது? ஜூன் மாதத்துக்குள் கால் சரியாக வேண்டும், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் ஊசியில் நூல் கோத்துக்கொண்டு உட்கார வேண்டும். அன்றைக்கு நான் பள்ளிக்கூட வேப்பமரத்தை ஒரு உதை உதைத்தேன், நல்ல காலால்.

சின்னாளப்பட்டி போகிற வழியில் என் தாய்மாமனுக்கு ஒரு தோட்டம் இருந்தது. பாறையை வெட்டி எடுத்த பெரிய கிணறு. பம்புசெட்டு அப்போதுதான் வைத்திருந்தார்கள். சனி ஞாயிறுகளில் டவுன் பஸ் ஏறி அங்கே போய்விடுவேன். முதலில் போனது கோபத்தைத் தணிக்கத்தான். அந்தப் பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் நீச்சல் தெரியும். வேலை முடிந்ததும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தொபுக்கென்று குதிப்பார்கள். நானும் குதித்தேன்.

தண்ணீருக்குள் என் குதிகால் வலிக்கவில்லை. இது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. கால் எதிலும் படாமல் நட்டுக்க நின்றபடியே முழங்காலைத் தூக்கித் தூக்கி ஓடினேன். மூச்சு இரைத்தது, தொடை கடுத்தது, குதிகால் பேசாமல் இருந்தது. பாயில் கிடந்தபோது என்னை விட்டுப் போன உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வந்தது.

மாமாவின் மனைவி, என் அத்தை, படிக்கல்லில் உட்கார்ந்து மஞ்சள் தேய்த்துக்கொண்டு இதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "ஏத்தா, தண்ணிக்குள்ள எங்கதான் ஓடுற?"

"எங்கயும் போகல அத்த. சும்மாதான் ஓடுறேன்."

"அம்புட்டு ஓட்டம் ஓடுறவள மாட்டுக்குப் பதிலா தண்ணி எறைக்கிற கமலையில கட்டியிருந்தா ஒங்க மாமா பம்புசெட்டே வாங்கியிருக்க வேணாம்."

அந்தச் சமயத்தில் என்னைக் கேலி செய்தும் என் கோபத்துக்கு ஆளாகாத ஒரே மனுஷி அத்தைதான். அவள் ஒருபோதும் ரெஸ்ட் எடு என்று சொன்னதில்லை. அவளுக்கு அந்த வார்த்தையே தெரியாது.

கிணற்றுச் சுவரில் கல்லைப் பதித்துப் படி வைத்திருப்பார்கள். பாதி காலுக்குத்தான் இடம் இருக்கும். ஏறும்போது முன்பாதம் கல்லில் நிற்க, குதிகால் வெளியில் தொங்கும். ஒருநாள் அப்படி நின்றபடி அத்தையோடு பேசிக்கொண்டிருந்தபோது உடம்பின் கனத்தில் குதிகால் கீழே இறங்கி, கெண்டைக்கால் இழுத்தது. வலித்தது, ஆனால் வேறு மாதிரி வலி. மெதுவாக ஏறினேன், மெதுவாக இறக்கினேன். மறுநாள் காலையில் பாயை விட்டு எழுந்தபோது ஆணியின் கூர் கொஞ்சம் மழுங்கியிருந்தது. அதற்குப் பிறகு எந்தப் படியைக் கண்டாலும் விடவில்லை. கிணற்றுப் படி, வீட்டு வாசல்படி, பஸ்ஸின் பின்படி. கண்டக்டர் ஒருநாள், "ஏறுறதுன்னா ஏறு, எறங்குறதுன்னா எறங்கு" என்று கத்தினார்.

கோடை லீவு முழுக்கத் தோட்டத்திலேயே கிடந்தேன். விடிந்ததும் வரப்பில் நடை, வெயில் ஏறியதும் தண்ணீருக்குள் ஓட்டம், சாயங்காலம் படிக்கல்லில் கெண்டைக்காலோடு மல்லுக்கட்டு. நடுவில் அத்தையோடு களை எடுத்தேன். வலித்தால் கொஞ்சம் குறைத்தேன், அடியோடு நிறுத்தவில்லை. மே மாதக் கடைசியில் உழுத மண்ணில் வெறுங்காலோடு ஓடிப் பார்த்தேன். வலிக்கவில்லை. யாரும் பார்க்காத இடமாகப் பார்த்துப் போய் நின்று அழுதேன். அதுவும் கோபத்தில் வந்த அழுகைதான். ஆறு மாசமாக ஒரு முழு உலகமே சேர்ந்து என்னைப் படுக்கப் போடப் பார்த்ததே என்கிற கோபம்.

ஜூன் மாதம் பெரிய டீச்சர் முன்னால் போய் நின்று, நடந்து காட்டினேன், ஓடிக் காட்டினேன். அவரும் நியாயமானவர்தான், தையல் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் பாதுகாப்புக்கு ஒரு ஏற்பாடு செய்தார். "நீ கீழ நின்னு விசில் மட்டும் ஊது. மேல ஒரு பிள்ளைய நிறுத்திக்க. சுதந்திர தினத்துக்குப் பெரிய டிரில் இருக்கு, வெளியூர்ல இருந்து பெரிய அதிகாரி வாராரு. ஒனக்குக் கால் மறுபடியும் போச்சுன்னா அசிங்கமாயிரும்."

அந்தப் பிள்ளையையும் அவரே பார்த்து எடுத்தார். எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிற பெண், சின்னாளப்பட்டி நெசவாளர் வீடு. தினமும் பஸ்ஸில் வருவாள். ஒல்லியாக இருந்தாலும் குதித்தால் தரையில் கால் பாவாது. எல்லா டிரில் பீரியடுக்கும் அவள் மேடையில், நான் கீழே செம்மண்ணில் கான்வாஸ் ஷூவோடு. என் கால் நாளுக்கு நாள் உறுதியானது. கிணறுதான் என்னைக் காப்பாற்றியது என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டேன். கணக்கு டீச்சர்கூட ஒருநாள் படியில் நின்று குதிகாலை இறக்கிப் பார்த்தார்.

ஆடி மாதக் காற்றில் ஒருநாள், டிரில் முடிந்து பிள்ளைகள் போன பிறகு, அந்தப் பெண் மட்டும் வேப்பமரத்தடியில் நின்றாள்.

"டீச்சர், ஒண்ணு சொல்லணும். பெரிய டீச்சர்ட்ட சொல்லிராதீங்க."

"என்ன?"

"காலைல எந்திரிச்சதும் கால ஊண முடியல. குதிங்கால்ல முள்ளுக் குத்துற மாதிரி இருக்கு."

"எப்ப இருந்து?"

"மேல ஏத்திவிட்டீங்கல்ல டீச்சர், அதுக்குக் கொஞ்ச நாள் கழிச்சு."

"வீட்ல சொன்னியா?"

"சொல்ல மாட்டேன். சொன்னா பள்ளிக்கூடத்த நிப்பாட்டிருவாங்க. கால் போயிருச்சுன்னா தறியில மிதிகட்டைய மிதிக்க முடியாதுல்ல. எங்க அக்காவ சும்மாவே நிப்பாட்டுனாங்க."

நான் அந்த மேடையைப் பார்த்தேன். பல மாதங்களாக என் உடம்பை நோண்டிக்கொண்டிருந்தார்கள். வாயு, கண்ணேறு, கர்ப்பப்பை, கல்யாணம். நானும் என் பங்குக்கு என் காலையே திட்டிக்கொண்டிருந்தேன். கீழே மண்ணில் அதே குதியைக் குதித்த அத்தனை பிள்ளைகளில் ஒருத்திக்கும் வலி வரவில்லை. மேலே ஏறிய இரண்டு பேருக்கும் வந்துவிட்டது. என் உடம்பில் ஒரு குறையும் இருந்ததில்லை. வெறுங்காலோடு சிமெண்டில் நாள் முழுக்கக் குதித்தால் மாட்டுக்குக்கூடக் கால் போகும், அதற்காகத்தானே லாடம் அடிக்கிறார்கள். இவ்வளவு சின்ன விஷயத்தைப் பார்க்க ஊரில் ஒருவருக்கும் கண் இல்லை. எல்லாக் கண்ணும் என் இடுப்புக்கு மேலேயே நின்றுவிட்டது.

அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லாமல் பெரிய டீச்சரிடம் போனேன். "வெறுங்காலோட சிமெண்டுல குதிச்சுத்தான் குதிங்கால் போகுது. மேடையில ஷூ போட்டு ஏற விடுங்க. இல்லைன்னா டிரில மண்ணுலயே வச்சுக்கிருவோம்."

"மண்ணுல நின்னா வந்தவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப ஷூ."

"கொடிக்கம்பத்துக்குக் கீழ ஷூவா?"

"ஒரு சாக்காவது விரிச்சுக்கிறேன்."

"கொடிமேடையில சாக்கு விரிக்கிறதா? கடைன்னு நெனச்சியா?" அவர் கோணல் மணிக்கட்டை மேஜைமேல் வைத்தார். "இந்தக் கொடிய விடக் கூடாதுன்னு பூட்ஸ் காலுக்கு அடியில கையக் குடுத்திருக்கேன் நான். ஒங்களுக்குக் குதிங்கால் வலிக்குது. இல்ல?"

அந்தக் கைக்கு முன்னால் நான் என்ன பேசுவது? வெளியே வந்தேன். அவர் மேல் கோபம், அந்தக் கையின் மேல் கோபம், பதில் சொல்லத் தெரியாத என் மேலும் கோபம். நான் அந்தப் பெண்ணைக் கீழே இறக்கினால் அவர் இன்னொரு பிள்ளையை ஏற்றுவார். அதனால் மறுநாளே நான் மேடையில் ஏறிக்கொண்டேன். கால் பூரணமாகக் குணமாகிவிட்டது, சுதந்திர தினத்துக்கு நானே மேலே நிற்கிறேன் என்று சொன்னேன். அவருக்கும் திருப்தி. அந்தப் பெண்ணுக்குப் படியில் நின்று குதிகாலை இறக்குவதைச் சொல்லிக் கொடுத்தேன். "பஸ் படியில வேணாம்" என்றும் சொன்னேன்.

ஒத்திகை நாட்களிலேயே ஆணி திரும்ப வந்துவிட்டது. கிணற்றிலும் வரப்பிலும் மாதக்கணக்கில் சேர்த்து வைத்ததெல்லாம் என் காலிலிருந்து இறங்கிப் போவதை ஒவ்வொரு குதியிலும் உணர்ந்தேன். விழா முடிகிற வரைக்கும் தாங்கினால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். முடியும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. இந்தத் தடவை போனால் தையல் வகுப்புதான், அதில் சந்தேகமே இல்லை.

சுதந்திர தினத்தன்று காலையில் பந்தல், தோரணம், ஒலிபெருக்கி. பிள்ளைகள் வெள்ளைத் தாவணியில் வரிசை வரிசையாக நின்றார்கள். மேடைப்படிக்குப் பக்கத்தில் பெரிய டீச்சரின் செருப்பு ஓரமாகக் கிடந்தது, அவர் வெறுங்காலோடு காத்திருந்தார். வெளியூர் அதிகாரி வந்தார். காக்கிச் சீருடை, இடுப்பில் பெல்ட், முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும் பூட்ஸ். மாலை போட்டார்கள். பெரிய டீச்சர் வழி காட்ட, அவர் மேடைப்படியில் கால் வைத்தார். பூட்ஸோடுதான்.

யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். பெரிய டீச்சர் வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். பூட்ஸ் ஆணி சிமெண்டில் உரசி டக்கு டக்கென்று சத்தம் போட்டது. அதிகாரி கம்பத்தடியில் போய் நின்று கயிற்றை இழுத்தார். பூ கொட்டியது. எல்லோரும் கை தட்டினார்கள். பெரிய டீச்சர் அவருக்கு அருகில் வெறுங்காலோடு நின்று, அந்தக் கோணல் கையைத் தூக்கிக் கொடிக்கு வணக்கம் வைத்தார். அவர் கண் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த பூட்ஸைப் பார்த்துவிட்டு மேலே போய்விட்டது. அதை நான் பார்த்தேன்.

அதிகாரி இறங்கிப் பந்தலில் உட்கார்ந்தார். டிரிலைத் தொடங்கு என்று பெரிய டீச்சர் எனக்குக் கண் காட்டினார். நான் மேடைப்படியில் உட்கார்ந்தேன். பைக்குள்ளிருந்து என் வெள்ளைக் கான்வாஸ் ஷூவை எடுத்தேன். பயமா கோபமா என்றால் பயமும்தான், கோபமும்தான். வலது காலை நுழைத்துக் கயிற்றைக் கட்டும்போது பெரிய டீச்சர் பக்கத்தில் வந்துவிட்டார். அவர் உதடு மட்டும்தான் அசைந்தது.

"என்ன செய்யிற?"

"அவரு ஏறுனாரு."

"அவரு யூனிபாரம் போட்டிருக்காரு."

"எனக்கு இதுதான் யூனிபாரம்."

இன்னொரு கயிற்றையும் கட்டிக்கொண்டு ஏறினேன். விருந்தாளிக்கு முன்னால் அவரால் என்னை இழுத்து இறக்க முடியாது. விசில் ஊதினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. கீழே அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் எழும்பி ஒரே நேரத்தில் மண்ணில் இறங்கினார்கள். முதல் வரிசையில் அந்த நெசவாளர் வீட்டுப் பெண் குதித்துக்கொண்டே என் காலைப் பார்த்துச் சிரித்தாள். என் குதிகால் வலித்தது, ஆனால் தாங்கியது.

அன்று மத்தியானமே பெரிய டீச்சர் கூப்பிட்டுவிட்டார். நான் பயந்தது மாதிரி தையல் வகுப்பு இல்லை. "இன்னிமே டிரில்காரங்க யாரும் கொடிமேடைப் பக்கமே போகக் கூடாது. நீயும் பிள்ளைகளும் மண்ணுல நின்னு செய்ங்க. அதுதான் ஒனக்குத் தண்டனை. ஒன் நிரந்தரத்துக்கும் இந்த வருசம் நான் எழுதப் போறதில்ல." ஒரு மாதத்துக்கு முன்னால் நான் கெஞ்சிக் கேட்டதை இப்போது தண்டனையாகக் கொடுத்தார். நான் சரி என்று தலையாட்டினேன். வாசல் வரை போனவள் திரும்பி நின்று கேட்டேன்.

"அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவர் நிமிரவில்லை. "அவருகிட்ட எப்பிடிம்மா சொல்றது?" என்றார். அந்த ஒரு தடவைதான் அவருக்கு வயதாகிவிட்டது மாதிரி எனக்குத் தெரிந்தது.

கால் விஷயத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் மண்ணில் குதித்துக் குதித்தே குணமானது. அவள் பரீட்சை எழுதிப் பாஸ் செய்தாள். எனக்கு நிரந்தரம் ஒரு வருடம் தள்ளி வந்தது. ரிட்டயர் ஆகிற வரைக்கும் டிரில் டீச்சராகவே இருந்தேன். இன்றைக்கும் காலையில் வாசல்படியில் நின்று குதிகாலை இறக்குகிறேன்.

ஆனால் விழாவுக்கு மறுநாள் காலை மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தபோது ஆயா கொடிமேடையில் முட்டி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நிறைகுடங்கள். குடிக்கிற தண்ணீருக்கே குழாயடியில் சண்டை நடக்கிற ஊர் எங்களுடையது. தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துக் குடம் குடமாக ஊற்றினாள்.

"என்ன ஆயா, விசேஷம்?"

"பெரிய டீச்சர் கழுவிவிடச் சொன்னாங்க. நீங்க ஷூவோட ஏறிட்டீங்களாமுல்ல."

"எனக்கு முன்னாடி ஒருத்தர் பூட்ஸோட ஏறுனாரே."

ஆயா நிமிர்ந்து பார்த்தாள். "அதப் பத்தி ஒண்ணும் சொல்லலியே டீச்சர்."

நான் குனிந்து பார்த்தேன். கான்வாஸ் ஷூவின் தடம் எங்கும் இல்லை. அது சிமெண்டில் தடம் விடாது. கம்பத்தடியில் பூட்ஸ் ஆணி இழுத்த கோடுகள் மட்டும் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. ஆயா அவற்றின் மேலும் நாரைப் போட்டு அழுத்தித் தேய்த்தாள். தண்ணீர் காய்ந்ததும் கோடுகள் மறுபடியும் தெரிந்தன.